பட்டறையை நீட்டிக் கட்ட பிளான் அப்ரூவலுக்குக் கொடுத்த 3,85,000 ரூபாய் போச்சு – தயவுசெய்து படியுங்கள்

மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய். இன்று மதியம்தான் ஏமாந்தது உறுதியானது. ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும், செய்யக்கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கோவைக்கு வெளியே சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் பாகங்கள் கடைசல் வேலை. புது ஆர்டர் கிடைத்ததால் இரண்டு சி.என்.சி. மெஷின் இறக்க, பின்பக்கக் காலி இடத்தில் 2,400 சதுர அடிக்கு ஷெட்டை நீட்ட நினைத்தேன். வரைபட அனுமதி வாங்கித் தரும் ஒரு கன்சல்டன்சியை, தெரிந்த இன்ஜினியர் ஒருவர் கைகாட்டினார். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், போடவில்லை.

அந்தக் கன்சல்டன்சிக்காரர் பட்டறைக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். புலப்படத்தை (நில அளவை வரைபடம்) என் மேஜையில் விரித்து, என்னுடைய ஸ்டீல் ரூலையே வாங்கி ஒவ்வொரு கோடாக அளந்தார். "அண்ணா, பத்திரத்துல உட்பிரிவு நம்பர் தப்பா இருக்குது, பாத்தீங்களா?" என்றார். உண்மைதான். பன்னிரண்டு வருஷமாக நானே கவனிக்காத தப்பு. அந்த இடத்தில்தான் விழுந்தேன். இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர் நம்மை விட்டுவிட மாட்டார் என்று அன்றே 1,25,000 அனுப்பினேன்.

இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது. என் முன்பக்கம் ஒரு சர்வே எண், பின்பக்கம் வேறு எண். முன்பக்கம் தொழில் மண்டலம். பின்பக்கம், 1994-இல் ஒப்புதலான மாஸ்டர் பிளானில் விவசாய மண்டலம். பத்திரத்தில் ஒரு எண் பிசகியதைப் பிடித்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? கேட்டதற்கு, "புது மாஸ்டர் பிளான்ல எல்லாம் மாறிடுது அண்ணா, லேண்ட் யூஸ் நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்கு 1,60,000. அப்புறம் ஃபைல் கடைசியாகப் போகும் "கடைசி டேபிள்" என்று ஒரு லட்சம். இந்த இரண்டும் அவர் மனைவி பெயரில் இருந்த கணக்குக்குப் போனது. ரசீது கேட்டபோது, "நம்மளுக்குள்ள என்னண்ணா ரசீது" என்றார்.

ஒரு ஃபைல் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "வேலைய ஆரம்பிங்க, அப்ரூவல் ஆர்டர் வந்துட்டே இருக்குது" என்றார். பேங்க் லோன் போட்டு தூண்கள் எழுப்பினேன். அதற்குப் பிறகு அவர் போனை எடுத்தால் அதிசயம். ஒரு வாரம் சர்வர் டவுன், அடுத்த வாரம் ஆபீசர் டிரான்ஸ்பர், அப்புறம் "டிரைவிங்ல இருக்கேன், கூப்பிடறேன்". ஆபீசுக்குப் போனால் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண், "சார் சைட்டுக்குப் போயிருக்காங்க" என்றது. அவர் கார் வாசலில்தான் நின்றது. நான்கு முறை இப்படி.

போன வாரம் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவுகள்: வேலையை நிறுத்து, அனுமதியில்லாமல் கட்டியதை அகற்று. இன்று, கட்டட அனுமதி தரும் திட்டக் குழும அலுவலகத்துக்குப் போய் அந்த ஃபைல் நம்பரைக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த அம்மா தட்டிப் பார்த்து, "இது வேற ஊர்ல ஒரு வீட்டு அப்ளிகேஷனுங்க. உங்க சர்வே நம்பருக்கு விண்ணப்பமே வரலையே" என்றார். நில உபயோக மாற்றம், அதாவது விவசாய மண்டலத்தைத் தொழில் மண்டலமாக மாற்றுவது, தனி விண்ணப்பமாம். துறைகளின் கருத்து, பத்திரிகை விளம்பரம், ஆட்சேபணை எல்லாம் முடிந்து அரசிதழில் வந்த பிறகுதான் ஷெட் பிளானையே எடுப்பார்களாம். அதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

வெளியே வந்து வேறு நம்பரில் கூப்பிட்டேன், எடுத்தார். "அது கன்சல்டேஷன் சார்ஜ் சார், ரீஃபண்ட் கிடையாது." இத்தனை நாள் அண்ணா, இன்றைக்கு சார். 3,85,000 ரூபாய்க்கு என் கையில் இருப்பது மூன்று ஸ்கிரீன்ஷாட். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். கட்டப்போகும் இடத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த மண்டலம் என்று நீங்களே அலுவலகத்தில் கேளுங்கள். ஆன்லைன் விண்ணப்பத்தில் உங்கள் மொபைல் எண்ணைப் போடச் சொல்லுங்கள், ஓ.டி.பி. உங்களுக்கு வர வேண்டும். அரசாங்கக் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள், தனியாள் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். அப்ரூவல் ஆர்டர் கைக்கு வராமல் கடைக்கால் தோண்டாதீர்கள்.

நாளைக் காலை நோட்டீசுக்குப் பதில் கொடுக்க வேண்டும், அப்படியே போலீசில் புகாரும். எட்டடி உயரத்தில் கம்பி நீட்டிக்கொண்டு ஆறு தூண்கள் நிற்கின்றன. இதே மாதிரி ஆள் உங்கள் பட்டறைக்கும் வந்திருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.