ஏலியன்: ஐசொலேஷன் – பயத்தை அளந்து கொடுக்கும் கேம்

திகில் கேம்களில் பெரும்பாலானவை ஒரே உத்தியை நம்பியிருக்கின்றன. கதவைத் திறந்ததும் ஏதோ ஒன்று கத்திக்கொண்டு முகத்தில் வந்து விழும். அதே கதவை இரண்டாம் முறை திறக்கும்போது பயமெல்லாம் வடிந்திருக்கும். கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கி, சேகா 2014 அக்டோபரில் வெளியிட்ட ‘ஏலியன்: ஐசொலேஷன்’ அந்த உத்தியைப் பெரிதாக நம்பவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது ஆளை நடுங்க வைப்பதற்கு அதுதான் காரணம்.

கதை எளிமையானது. 2137-ஆம் ஆண்டு, செவஸ்டபோல் என்ற விண்வெளி நிலையம். காணாமல் போன தாயைப் பற்றித் துப்புக் கிடைக்குமா என்று அங்கே வருகிறார் பொறியாளர் அமாண்டா ரிப்ளி. உள்ளே ஒரு ஏலியன் உலவுகிறது. எந்த ஆயுதத்தாலும் அதைக் கொல்ல முடியாது.

அந்த ஏலியனை இயக்குவது இரண்டு தனித்தனி ஏஐ. ஒன்று மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கும் இயக்குநர். நாம் எங்கே ஒளிந்திருக்கிறோம் என்று அதற்கு எப்போதும் தெரியும். மற்றொன்று ஏலியனின் சொந்த மூளை. அதற்கு உள்ளவை கண்ணும் காதும்தான். இயக்குநர் நம்மைக் காட்டிக்கொடுப்பதில்லை, ‘அந்தப் பக்கம் போய்ப் பார்’ என்கிற அளவுக்கே துப்புக் கொடுக்கிறது. மேசைக்கு அடியில் பதுங்கியிருப்பவரைத் தேடிப் பிடிப்பது ஏலியனின் பாடு. அதனால் ஒரே வழியில் இரண்டு முறை போனாலும் ஒரே மாதிரி நடக்காது.

இதைவிட முக்கியமானது, இயக்குநரிடம் இருக்கும் மிரட்டல் அளவுகோல். ஏலியன் பக்கத்தில் நடமாடும் நேரம், கண்ணில் படும் நேரம் எல்லாம் அதில் ஏறிக்கொண்டே போகும். அளவு நிரம்பியதும் ஏலியனைக் கூரைக் காற்றுக்குழாய்க்குள் திருப்பி அனுப்பிவிடும். நமக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். பிறகு மறுபடி தொடங்கும்.

மனிதர்கள் ஏன் காசு கொடுத்துப் பயப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு இந்த அளவுகோலே பாதி பதில். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பேய்வீட்டுக்கு வந்த 110 பேரை ஆராய்ந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிகமாக ரசித்தவர்கள் நடுத்தரமாகப் பயந்தவர்கள். பயமே வராதவர்களுக்கும் ரசிக்கவில்லை, மிரண்டுபோனவர்களுக்கும் ரசிக்கவில்லை. மீதிப் பாதி பதில் ஆட்டத்தை இடையில் நிறுத்தும் பாஸ் (pause) பட்டனில் இருக்கிறது. நெஞ்சு படபடத்து உடம்பு ஓடத் தயாராகும்போதும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று மனதுக்குத் தெரியும். ஆபத்து விலகிய பிறகும் அந்தப் படபடப்பு உடனே அடங்குவதில்லை. அதோடு நிம்மதியும் சேரும்போதுதான் அந்த ருசி.

இதைக் கேம் எப்படிச் செய்துகாட்டுகிறது என்பதற்கு மோஷன் டிராக்கரைச் சொல்லலாம். கையில் தூக்கினால் பச்சைத் திரையில் ஒரு புள்ளி பீப் பீப் என்று நெருங்கும். ஆனால் அசைகிறவற்றை மட்டுமே அது காட்டும். ஏலியன் அசையாமல் நின்றால் திரை வெறுமை. மேலே குழாயிலா, அதே தரையிலா என்றும் சொல்லாது. டிராக்கரை உற்றுப் பார்க்கும்போது எதிரே உள்ள நடைபாதை மங்கிவிடும், நடைபாதையைப் பார்த்தால் டிராக்கர் மங்கும். போதாக்குறைக்கு ஏலியன் அருகில் இருந்தால் அந்த பீப் சத்தமே அதை இழுத்து வரும். தகவல் கிடைக்கிறது, ஆனால் ஒருபோதும் போதுமான அளவுக்குக் கிடைப்பதில்லை.

சேவ் செய்வதும் அப்படித்தான். சுவரில் உள்ள கருவியில் அட்டையைச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும் வரை சில நொடிகள் நிற்க வேண்டும். அந்த நொடிகளிலும் சாகலாம். புதிதாக ஆடுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: கருவியைக் கண்டதும் ஓடுகிறார்கள், ஓடும் சத்தம் ஏலியனை வரவழைக்கிறது. குனிந்து நடந்து போங்கள். கூரைக் குழாயிலிருந்து எச்சில் ஒழுகினால் அதன் கீழே போகாதீர்கள், அது மேலே காத்திருக்கிறது என்று பொருள். லாக்கரில் ஒளிந்திருக்கும்போது ஏலியன் முகர வந்தால் பின்னால் சாய்ந்து மூச்சை அடக்க வேண்டும். நீண்ட நேரம் அடக்கினால் உடல்நலம் குறையும். எப்போதும் லாக்கரையே நம்பினால் ஏலியன் லாக்கர்களைக் கூடுதலாகச் சோதிக்கத் தொடங்கும்.

குறையும் இந்தப் பயத்தின் அளவில்தான். பாதி ஆட்டத்தில் கையில் கிடைக்கும், தீயைப் பீய்ச்சும் ஃபிளேம்த்ரோவர் அந்த அளவைக் குலைக்கிறது. ஒரு பீய்ச்சலுக்கே ஏலியன் ஓடிவிடுகிறது. போகப் போக அது பழகிக்கொண்டு சீக்கிரம் திரும்பி வந்தாலும், பழைய நடுக்கம் திரும்புவதில்லை. அதன்பின் ஏலியனே தலைகாட்டாத சில மிஷன்கள். அங்கே எதிரிகளாக வரும் ஆண்ட்ராய்டுகள், அதாவது மனித உருவ ரோபோக்கள், எரிச்சலூட்டுகின்றன, அவ்வளவாகப் பயமூட்டுவதில்லை. மொத்தம் 18 மிஷன்கள் உள்ள கதையில் நான்கைந்தைத் துணிந்து வெட்டியிருக்கலாம்.

காட்சியமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கேமுக்கு அடிப்படையான 1979-இன் ‘ஏலியன்’ படத்தில் காட்டிய எதிர்காலம் எப்படி இருந்ததோ அப்படியே: தடித்த பட்டன்கள், பச்சை எழுத்துத் திரைகள். திரைக்காட்சிகளை விஎச்எஸ் டேப்பில் பதிந்து, பழைய டிவியில் ஓட்டி, அந்தக் கலங்கலைத்தான் கேமில் சேர்த்திருக்கிறார்கள்.

முதல் முறை ஆடும்போது கடினநிலை மீடியம் போதும். ஹார்டில் தொடங்கினால் ஒரே அறையில் பத்து முறை செத்து, பயம் சலிப்பாகிவிடும். டிவி ஸ்பீக்கர் வேண்டாம், காலடி எந்தத் திசையில் கேட்கிறது என்று தெரிய ஹெட்ஃபோன் அவசியம். மைக் உள்ள பிஎஸ்4 கேமராவோ எக்ஸ்பாக்ஸின் கினெக்ட் கேமராவோ இருந்தால், அறைச் சத்தத்தை ஏலியன் கேட்கும் வசதியும் உண்டு. பக்கத்து அறையில் குக்கர் விசில் அடிக்கும் வீட்டில் அதை அணைத்துவிடுவதே நல்லது.

கணினிக்கு 35 ஜிபி இடமும் குறைந்தது 4 ஜிபி ரேமும் வேண்டும். பழைய கேம் என்பதால் சலுகை விலையில் அடிக்கடி கிடைக்கும். 2019-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் 2021-இல் ஃபோனுக்கும் வந்தது. ஃபோனில் ஆடுவதென்றால் புளூடூத் கன்ட்ரோலர் இருக்கும்போது மட்டும் வாங்குங்கள். அவசரத்தில் தொடுதிரைப் பட்டன் மாறிப்போய்ச் செத்தால் வருவது பயமல்ல, கோபம்.