டெஸ்டுகளுக்கே டெஸ்ட் வைக்கும் பிட்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மதிப்பீடு

ரெண்டு ரசீதை மேசை மேல் வைத்தார் அந்தப் பாட்டி. இரண்டிலும் ஃபேட் 4.0, எஸ்என்எஃப் (பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து) 8.3. ஒன்றில் லிட்டருக்கு 43.20 ரூபாய், இன்னொன்றில் 42 ரூபாய். "மாடு அதேதான், தீவனம் அதேதான், ரசீதுல நம்பரும் அதேதான். காசு மட்டும் எப்பிடிக் கொறஞ்சுது கண்ணு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்துச் சங்க ரசீதில் எழுத்தெல்லாம் மலையாளம். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், அதுவும் பேச்சுத் தமிழ். ஆனால் நம்பர் படிப்பார். "பாத்துச் சொல்றேனுங்க அம்மா" என்று சொல்லிவிட்டு அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரன். பொள்ளாச்சி ரோட்டில் கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி வந்தால் எங்கள் ஊர்தான். சுற்று வட்டாரத்தில் ஆறு பால் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து, 12 வருஷமாகப் பராமரித்து வருகிறேன். எல்லாம் ஜாவா. எழுதுவது, டெஸ்ட் செய்வது, சங்கத்துக்குப் போய் நிறுவுவது எல்லாம் நான் ஒருவன்தான். ஜாவா டெஸ்டுகளின் திறனைச் சோதிக்கும் பிட் (PIT) என்ற கருவியிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த ரசீதுதான்.

தவறு என்னுடையதுதான். விலைப் படிநிலைகளைச் செக்ரட்டரியே திரையில் மாற்றிக்கொள்ளும்படி வசதி வேண்டும் என்று ஒரு சங்கத்தில் கேட்டார்கள். அதற்காகப் பழைய கணக்கைப் பிரித்து எழுதும்போது, '8.3 அல்லது அதற்கு மேல்' என்று இருந்த நிபந்தனை '8.3க்கு மேல்' என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு சமக்குறி விடுபட்டது. சரியாக 8.3 வந்த பாலுக்கெல்லாம் ஒரு படி கீழே விலை போட்டது மென்பொருள். 9 நாள் அப்படியே ஓடியிருக்கிறது. 31 பேருக்குச் சேர்த்து 1,164 ரூபாய். அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். தொகை சின்னதுதான், ஆனால் பாட்டியைப் போல ரசீதை ஒப்பிட்டுப் பார்க்காதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

என்னை உறுத்திய விஷயம் வேறு. அந்த மென்பொருளுக்கு 412 டெஸ்ட் எழுதி வைத்திருந்தேன், அதாவது விடை சரியா என்று தானாகச் சரிபார்க்கும் சின்னச் சின்ன நிரல்கள். வரிக் கவரேஜ் 91 சதவீதம், அதாவது டெஸ்டுகள் ஓடும்போது நூற்றுக்கு 91 வரிகள் ஒருமுறையாவது ஓடுகின்றன. தவறு இருந்த அந்த வரியும் ரிப்போர்ட்டில் பச்சையாகத்தான் இருந்தது. 8.5க்கு ஒரு டெஸ்ட் உண்டு, 8.0க்கு ஒரு டெஸ்ட் உண்டு. இரண்டும் அந்த வரி வழியாகத்தான் போகின்றன. 8.3க்கு மட்டும் டெஸ்ட் இல்லை.

அப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 2014இல் லாரா இனொசெம்ட்சேவா, ரீட் ஹோம்ஸ் இருவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு கையில் கிடைத்தது. ஐந்து பெரிய ஜாவா மென்பொருள்களை எடுத்து, 31,000 டெஸ்ட் தொகுப்புகளை உருவாக்கி, கவரேஜ் கூடினால் தவறு பிடிக்கும் திறனும் கூடுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். டெஸ்டுகளின் எண்ணிக்கையைச் சமமாக்கிவிட்டுப் பார்த்தால், கவரேஜுக்கும் அந்தத் திறனுக்கும் உள்ள தொடர்பு பெரிதாக இல்லை என்பது அவர்கள் முடிவு. டெஸ்டுகளின் திறனை அளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி பிட். இலவசமாகவே கிடைக்கிறது என்று தெரிந்ததும் அன்று ராத்திரியே இறக்கினேன். 11 மாதமாகப் பயன்படுத்துகிறேன்.

பிட் செய்வது இதுதான். உங்கள் நிரலில் வேண்டுமென்றே ஒரு சின்னத் தவறை வைக்கும். கூட்டலைக் கழித்தலாக்கும், 'மேல்' என்பதை 'மேல் அல்லது சமம்' ஆக்கும், திருப்பி அனுப்பும் மதிப்பைப் பூஜ்யமாக்கும், ஒரு மெத்தடை (பெயர் வைத்த நிரல் துண்டை) அழைக்கும் வரியையே தூக்கிவிடும். இப்படித் தவறு வைத்த பிரதிக்கு மியூட்டன்ட் என்று பெயர். பிறகு உங்கள் டெஸ்டுகளை ஓட்டும். ஏதாவது ஒரு டெஸ்ட் தோற்றால் மியூட்டன்ட் செத்தது. எல்லா டெஸ்டும் தேறிவிட்டால் மியூட்டன்ட் பிழைத்தது, அதாவது அந்த இடத்தை உங்கள் டெஸ்டுகள் காவல் காக்கவில்லை.

இந்த யோசனைக்கு வயது அதிகம். ரிச்சர்ட் லிப்டன் 1971இல் மாணவராக இருந்தபோதே இதை எழுதியிருக்கிறார். 1978இல் டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் முறையாகக் கட்டுரையாக்கினார்கள். நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிட்டத்தட்ட சரியாகத்தான் எழுதுவார்கள், தவறு ஓர் ஓரத்தில் ஒரு குறியில்தான் இருக்கும் என்ற கருத்தின் மேல் நிற்கிறது அந்தக் கட்டுரை. என் 8.3க்கு அப்படியே பொருந்துகிறது. அந்தக் காலக் கணினிகளில் ஒவ்வொரு மியூட்டன்டுக்கும் டெஸ்டை மறுபடி மறுபடி ஓட்ட நேரம் கட்டுப்படியாகவில்லை. பிட் மூலக் கோப்பைத் தொடாமல், கம்பைல் ஆன பைட்கோடிலேயே (கணினி ஓட்டுவதற்காக ஜாவா மாற்றித் தரும் வடிவத்திலேயே) மாற்றம் செய்கிறது. எந்த டெஸ்ட் எந்த வரியைத் தொடுகிறது என்று முதலிலேயே கணக்கெடுத்துக்கொண்டு அந்த டெஸ்டுகளை மட்டும் ஓட்டுகிறது. என் லேப்டாப்பில் ஓடுவதே அதனால்தான்.

நிறுவுவது சுலபம். ஜாவா நிரலைக் கட்டித் தரும் மேவன் என்ற கருவியின் கோப்பில் பத்துப் பன்னிரண்டு வரி சேர்த்தால் போதும். ஒரே ஓர் இடத்தில் அரை நாள் போயிற்று. டெஸ்ட் எழுத ஜேயூனிட் 5 என்ற தொகுப்பை வைத்திருப்பவர்கள் அதற்கென்று இருக்கும் தனி இணைப்பையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் உங்கள் டெஸ்டுகளே அதன் கண்ணில் படாது.

முதல் ஓட்டம் 38 நிமிஷம். 1,140 மியூட்டன்ட் உருவாகி 730 செத்தன, 64 சதவீதம். 91 சதவீதக் கவரேஜை நம்பி 12 வருஷம் இருந்தவனுக்கு இது நல்ல அடி. பழைய, தவறான நிரலை வேண்டுமென்றே மறுபடி எடுத்து வைத்து ஓட்டிப் பார்த்தேன். ரிப்போர்ட்டில் அந்த வரி அடர்சிவப்பு. பக்கத்திலேயே 'நிபந்தனையின் எல்லை மாற்றப்பட்டது: பிழைத்தது' என்ற குறிப்பு. 8.3இல் சமக்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் டெஸ்டுகளுக்கு ஒன்றுதான் என்று அந்த ஒரு குறிப்பு சொல்லிவிட்டது. பாட்டி இரண்டு ரசீதை வைத்துச் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. இந்தக் கருவி ஒரு மாதம் முன்னால் என்னிடம் இருந்திருந்தால் அவர் ரசீதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்திருக்க வேண்டாம்.

இன்னொரு சிவப்பு வரி இதைவிடப் பயமுறுத்தியது. சாயந்திரக் கறவை முடிந்ததும் அன்றைய பதிவுகளைப் பூட்டும் மெத்தட் ஒன்று உண்டு. பூட்டிய பிறகு யாரும் லிட்டரையோ ஃபேட்டையோ திருத்த முடியாது. பிட் அந்தப் பூட்டும் வரியைத் தூக்கிவிட்டு ஓட்டியது. 412 டெஸ்டும் தேறிவிட்டன! நாள் கணக்கை முடிக்கும் டெஸ்ட் இருந்தது. மொத்த லிட்டர் சரியா, மொத்தத் தொகை சரியா என்று பார்த்தது. பூட்டியதா என்று யாரும் கேட்கவே இல்லை. நாளைக்கு நானே கை தவறி அந்த வரியை அழித்திருந்தால் சங்கத்தின் கணக்கு திறந்த வீடாகக் கிடந்திருக்கும். அன்றே ஐந்து டெஸ்ட் எழுதினேன்.

குறைகளும் உண்டு. முதலில் நேரம். சாதாரண டெஸ்ட் ஓட 40 வினாடி, பிட்டுக்கு 38 நிமிஷம். ஒரே நேரத்தில் நாலு த்ரெட் (இணையாக ஓடும் வேலை) ஓடும்படி அமைத்ததும் 14 நிமிஷமாகக் குறைந்தது. போன ஓட்டத்தின் முடிவை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியைப் போட்ட பிறகு, சின்ன மாற்றம் என்றால் மூன்று நிமிஷத்தில் முடிகிறது. இயல்பாகவே ஒரு த்ரெட்டில் மட்டும் ஓடும்படி விட்டிருப்பதால் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளிலேயே சலித்துப் போவார்கள்.

அடுத்தது, கொல்லவே முடியாத மியூட்டன்டுகள். இரண்டு எண்ணில் பெரியதை எடுக்கும் வரியில் 'மேல்' என்பதை 'மேல் அல்லது சமம்' என்று மாற்றினால் விடை மாறாது, இரண்டும் சமமாக இருக்கும்போது எதை எடுத்தாலும் ஒன்றுதானே. இப்படிப்பட்டதை எந்த டெஸ்டும் பிடிக்காது. பொதுவாக இவற்றைத் தானாகக் கண்டுபிடித்து ஒதுக்க வழியே கிடையாது என்று கணித ரீதியாகவே நிரூபித்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். நான் முதல் வாரத்தில் நூறு சதவீதம் எடுத்தே தீருவது என்று இவற்றோடு மல்லுக்கட்டி மூன்று ராத்திரியைத் தொலைத்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். காசு கணக்கு, பூட்டு, தேதி மூன்றையும் தொடும் வகுப்புகளை மட்டும் எடுத்துப் பாருங்கள், போதும். ஜாவாவோடு சேர்ந்து ஓடும் கோட்லின் மொழியில் எழுதுகிறவர்களுக்கு நல்ல ஆதரவு கட்டணம் கட்டும் தனி இணைப்பில்தான் கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டெஸ்டைத் தானாகவே எழுதும் கருவிகள் இருக்கும்போது இது எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதையும் முயன்றேன். கார்டன் ஃப்ரேசர், ஆண்ட்ரியா ஆர்குரி இருவரும் 2011இல் கொண்டுவந்த எவோசூட் நல்ல ஆராய்ச்சிக் கருவி. மரபணு முறையில் டெஸ்டுகளைப் பெருக்கி வடிகட்டித் தருகிறது. ஆனால் நிரல் இப்போது என்ன விடை தருகிறதோ அதையே சரி என்று வைத்துத்தான் அது டெஸ்ட் எழுதும். தவறான நிரலை அதனிடம் கொடுத்தால் 8.3க்கு 42 ரூபாய்தான் சரி என்று ஒரு டெஸ்ட் வந்துவிடலாம். 43.20தான் சரி என்பது விலைப் பட்டியலுக்கும் பாட்டிக்கும்தான் தெரியும். பிட் அந்த விடையைச் சொல்லாது, ஆனால் நான் எங்கே விடை எழுதாமல் விட்டேன் என்று விரல் நீட்டிக் காட்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

மென்பொருள் பரிணாமம் என்ற துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான மேயர் லேமன், ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதளம் எப்படி வளர்ந்தது என்று ஆராய்ந்து 1974இல் தன் விதிகளைச் சொல்லத் தொடங்கினார். உலகத்தில் புழங்கும் மென்பொருள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், மாறாவிட்டால் நாளுக்கு நாள் உதவாமல் போகும் என்பது முதல் விதி. மாற மாறச் சிக்கல் கூடும், அதைக் குறைக்கத் தனியாக உழைக்க வேண்டும் என்பது இரண்டாவது. 12 வருஷத்தில் என் மென்பொருளில் விலைப் பட்டியல் மாறியது, லேக்டோமீட்டர் போய் அனலைசர் வந்தது, ரொக்கம் போய் வங்கிப் பட்டுவாடா வந்தது. இந்த மாற்றம் எதையும் தள்ளிப்போட முடியவில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சமக்குறி விழலாம். அதனால்தான் இப்போது பிட்டை முழு மென்பொருளுக்கும் தினமும் ஓட்டுவதில்லை. அன்றைக்கு நான் தொட்ட கோப்புகளுக்கு மட்டும் ஓட்டுகிறேன், அதற்கென்றே அதில் ஒரு கட்டளை இருக்கிறது. கூகுளிலும் இப்படித்தான், மாற்றிய வரிகளுக்கு மட்டும் மியூட்டன்ட் காட்டுகிறார்கள் என்று 2018இல் அவர்களே எழுதியிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை, ஞாயிறு ராத்திரி, முழு ஓட்டம்.

ஜாவாவில் எழுதுகிறவர், தனியாகவோ ரெண்டு மூன்று பேராகவோ வேலை செய்கிறவர், அடுத்தவர் காசுக்குக் கணக்குப் போடுகிறவர் என்றால் இதை இன்றே போடுங்கள். ஐந்துக்கு நாலரை தருவேன். அந்த அரையைக் குறைப்பது, முதல் நாளில் அது சோதிக்கும் பொறுமைக்காக.

இப்போது என் டெஸ்டுகள் 640. மியூட்டன்ட் 1,212, பிழைத்தவை 96. அவற்றில் 58ஐப் பார்த்துவிட்டேன், கொல்ல முடியாத வகை. மீதி 38இல் பெரும்பாலானவை பைசாவை ரூபாயாக முழுமையாக்கும் வகுப்பில் இருக்கின்றன. புது விலைப் பட்டியல் வருவதற்குள் அதை முடிக்க வேண்டும். ரசீதில் விலைப் படி எது என்பதைத் தமிழிலும் அச்சடிக்கும் வேலையைப் போன வாரம் தொடங்கியிருக்கிறேன்.