அலிசன் இணைய டிப்ளோமா: யாழ்ப்பாணத்தில் எதற்கு உதவும்?

அயர்லாந்தில் 2007இல் தொடங்கிய அலிசன் என்ற இணையக் கல்வித் தளத்தில் படிப்புக்குக் காசில்லை, சான்றிதழுக்குத்தான் காசு. இடையிடையே விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். பாடங்களை முடித்து, மதிப்பீட்டில் 80 வீதம் எடுத்தால் சித்தி. தவறினால் திரும்ப எழுதலாம். பல டிப்ளோமாக்கள் 10, 15 மணித்தியால வேலைதான். டிப்ளோமா என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இலங்கையில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் 5ஆம் மட்டம்தான் டிப்ளோமா. அதற்கு மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் முறை வேறு. அரச வேலை விண்ணப்பத்தில் அலிசன் சான்றிதழை அதற்கு ஈடாகக் காட்ட ஏலாது. தனியார் கணக்கியல் அலுவலகத்துக்கோ கடைக்கோ போகிறவர் சுயவிவரக் கோவையில் ஒரு வரியாகப் போடலாம். எக்செல், புத்தகக் கணக்கு போன்றவை அங்கே உண்மையிலேயே கைகொடுக்கும்.

சான்றிதழில் சறுக்குகிற இடம் பெயர். எங்களில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கும். அடையாள அட்டையிலோ கடவுச்சீட்டிலோ உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையே பதிவுசெய்யும்போது கொடுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்றும் முதலே கேளுங்கள். சட்டகமிட்ட சான்றிதழ் வீண்செலவு, டிஜிட்டல் பிரதி போதும். ஏற்றுக்கொள்ளப்பட்ட தகுதியே வேண்டுமென்றால் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில் விசாரியுங்கள்.