நியூ ஆர்லியன்ஸ் வெள்ளத் தடுப்பு: சுவரா, சதுப்பா, மதகா, தூர்மண்ணா?

1965 செப்டம்பரில் பெட்ஸி புயல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. அடுத்த மாதமே பாதுகாப்புத் திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்துவிட்டது. எந்தத் திட்டம் என்ற சண்டைதான் இருபது வருடம் இழுத்தது.

ராணுவப் பொறியாளர் படை முதலில் விரும்பியது கழிமுகத்தை மூடும் திட்டம். நகருக்கு வடக்கே இருக்கும் பாண்ட்சர்ட்ரெய்ன் ஏரிக்குள் கடல்நீர் ரிகோலெட்ஸ், ஷெஃப் மென்டூர் என்ற இரு கழிகள் வழியாக நுழைகிறது. அங்கே பெரிய மதகுகள் கட்டி, புயல் நெருங்கும்போது அடைத்துவிட்டால் ஏரி பொங்காது, ஏரிக்கரையைக் குறைந்த உயரத்தில் கட்டினால் போதும் என்பது கணக்கு. மாற்றுத் திட்டம் கழிகளைத் தொடாமல் நகரைச் சுற்றிக் கரையை உயர்த்துவது. சுற்றுச்சூழல் அறிக்கை போதாது என்று 1977இல் நீதிமன்றம் மதகுத் திட்டத்துக்குத் தடை போட்டது. 1985இல் படையே உயர்கரைத் திட்டத்துக்கு மாறியது.

2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா நகரின் 80 சதவீதத்தை மூழ்கடித்தபோது, “வழக்குப் போட்டவர்களால்தான் இத்தனையும்” என்று ஒரு பேச்சு கிளம்பியது. இன்றும் அதைச் சொல்கிறார்கள். அது தவறு. மதகுத் திட்டம் நிறைவேறியிருந்தால் கரைகள் இன்னும் தாழ்வாக இருந்திருக்கும், வெள்ளம் மோசமாகியிருக்கக்கூடும் என்று பொறியாளர் படையினரே பிறகு கணக்காய்வு அலுவலகத்திடம் சொன்னார்கள். உடைந்தவற்றில் அதிக நாசம் செய்தவை நகருக்குள் ஓடும் வடிகால் கால்வாய்ச் சுவர்கள். அவற்றுக்கு வேறொரு வரலாறு உண்டு.

கால்வாய் வாயில் கதவா, இருபுறமும் சுவரா?

17ஆம் தெரு, ஆர்லியன்ஸ், லண்டன் அவென்யூ என்று மூன்று கால்வாய்கள் மழைநீரை ஏரிக்குக் கொண்டுபோகின்றன. பழைய நகர எல்லையில் பம்பு நிலையங்களை அமைத்தார்கள். பிறகு நகரம் ஏரியை நோக்கி வளர்ந்து பம்புகளைத் தாண்டிப் போனது. வடித்து உலர்த்திய சதுப்பு மண் சுருங்கிக் கீழிறங்கியது. கடைசியில் வீட்டுத் தரையைவிட உயரத்தில் தண்ணீர் நிற்கும் கால்வாய்கள் குடியிருப்புகளுக்கு நடுவே ஓடின. புயல் சமயத்தில் ஏரிநீரும் இதே வழியாக உள்ளே ஏறி வரும்.

கால்வாய் ஏரியில் சேரும் வாயிலில் கதவு வைக்கலாம் என்றது படை. கதவை மூடினால் பம்பு தள்ளும் மழைநீர் எங்கே போகும் என்று உள்ளூர் வடிகால் வாரியம் கேட்டது. நியாயமான கேள்வி. வாயிலிலேயே இன்னொரு பம்பு நிலையம் கட்டினால் தீரும், ஆனால் அந்தச் செலவை ஏற்க ஆளில்லை. 1990களின் தொடக்கத்தில் நாடாளுமன்றம் உள்ளூர்க்காரர்கள் பக்கம் நின்று, இரு கரையிலும் நெடுக கான்கிரீட் சுவர் எழுப்பச் சொன்னது.

கதவு என்றால் காக்க வேண்டிய இடம் சில நூறு அடிதான். சுவர் என்றால் பல கிலோமீட்டர், இடத்துக்கு இடம் மண் மாறும், நடுவே ஒரே ஒரு பலவீனமான துண்டு போதும். ஷீட் பைல் எனப்படும் எஃகுத் தகடுகளைக் கரையில் அடித்து இறக்கி, அதன் தலையில் கான்கிரீட் சுவரை ஏற்றினார்கள். 1980களில் நடந்த ஒரு சோதனையின் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டு, 31 முதல் 46 அடி வரை போயிருக்க வேண்டிய தகட்டை 17 அடியோடு நிறுத்தினார்கள் என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. மிச்சமானது ஏறத்தாழ 100 மில்லியன் டாலர்.

உடைந்த விதம் இது. நீர்மட்டம் ஏறியதும் சுவர் நகரப் பக்கம் இலேசாகச் சாய்ந்தது. நீர்ப்பக்கத்தில் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே பிளவு விழுந்தது. பிளவில் தண்ணீர் இறங்கி எஃகுத் தகட்டை நேராக அழுத்த, சுவரைத் தாங்க நகரப் பக்கத்துப் பாதிக் கரைதான் மிஞ்சியது. 17ஆம் தெருவில் அடியில் இளகிய களிமண், அந்தப் பாதிக் கரை அப்படியே வழுக்கிப் போனது. லண்டன் அவென்யூவில் அடியில் மணல், தண்ணீர் ஊறிக் கீழே அரித்தது. இரண்டு இடத்திலும் நீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை.

இன்று மூன்று வாயில்களிலும் கதவும் பம்பும் சேர்ந்தே நிற்கின்றன. 2018இல் பணி முடிந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

சுற்றுச்சுவர் எதைத் தரும்

கத்ரீனாவுக்குப் பிறகு 14.5 பில்லியன் டாலரில் புதிய வளையம் எழுந்தது. கிழக்கே 1.8 மைல் நீளம், 26 அடி உயரத்தில் ஒரு தடுப்புச் சுவர்; மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரைப் பகுதியில் விநாடிக்கு 19,000 கன அடிக்கு மேல் தள்ளும் பம்பு நிலையம். 2021இல் கத்ரீனா வந்த அதே தேதியில் ஐடா புயல் தாக்கியபோது வளையம் உடையவில்லை. வளையத்துக்கு வெளியே இருந்த லாப்ளேஸ் ஊர் மூழ்கியது.

ஆனால் இந்த வளையத்தின் இலக்கு, ஓர் ஆண்டில் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அதைவிடப் பெரிய வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு. நெதர்லாந்தின் மையக் கடற்கரைக்கு வைத்த அளவுகோல் 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை. இதோடு கரைகள் தாங்களே அமிழ்கின்றன. நிலம் தாழ்வதாலும் கடல் ஏறுவதாலும் 2023க்குள்ளேயே இந்த வளையம் தன் இலக்கை இழக்கக்கூடும் என்று 2019இல் படையே அறிவித்தது. மண்கரை கட்டி முடித்துவிட்டுப் போகும் பொருளல்ல, திரும்பத் திரும்ப மண் ஏற்ற வேண்டும். அந்தச் செலவை முதல் மதிப்பீட்டில் சேர்க்காதவரை எந்த ஒப்பீடும் செல்லாது.

சதுப்பு நிலம் உண்மையில் எவ்வளவு தடுக்கும்

1932 முதல் 2016 வரை லூசியானா இழந்த கடலோர நிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர், அன்று இருந்ததில் கால்பங்கு. 1927 வெள்ளத்துக்குப் பின் மிசிசிப்பி ஆற்றை இருபுறமும் கரைகட்டி அடைத்ததில் வண்டல் பரவுவது நின்றது. மேலே மிசௌரி ஆற்று அணைகள் வண்டலைப் பிடித்துக்கொண்டன. எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் வெட்டிய ஆயிரக்கணக்கான மைல் கால்வாய்கள் உப்புநீரை உள்ளே விட்டன. அவற்றை வெட்டிய மண்ணை ஓரத்தில் குவித்த மேடுகள் நீரோட்டத்தை மறித்தன. எல்லாவற்றுக்கும் கீழே நிலம் தானாகவும் அமிழ்கிறது.

“2.7 மைல் சதுப்பு, புயல் எழுச்சியை (புயல் தள்ளிவரும் கடல்நீர் ஏற்றத்தை) ஓரடி குறைக்கும்” என்ற வாய்ப்பாட்டைச் சதுப்பு நிலத்துக்காக வாதாடுபவர்கள் அடிக்கடி எடுத்துவைப்பார்கள். பழைய புயல்களின் நீர்மட்டப் பதிவுகளிலிருந்து எடுத்த சராசரி அது. வடிவமைப்புக்கு அதை நம்பக்கூடாது. வேகமாகக் கடந்துபோகும் புயலில் புல் தரும் உராய்வு நீரைத் தாமதப்படுத்தும், அதற்குள் காற்று திரும்பிவிடும். 2012இல் ஐசக் போல ஊர்ந்து வரும் புயலில் தாமதத்துக்கு அர்த்தமில்லை. நீர் ஏறிக்கொண்டே இருக்கும். வலுவில் மிகக் கீழான முதல் வகுப்புப் புயல்தான், ஆனாலும் பிரெய்த்வெயிட் ஊர் மூழ்கியது.

சதுப்பின் உறுதியான பலன் வேறு: அலையை உடைப்பது. கரையை அறுப்பது பெரும்பாலும் நீர்மட்டத்தைவிட அதன் மேல் ஓடும் அலைதான். செயின்ட் பெர்னார்ட் பகுதியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். எம்.ஆர்.ஜி.ஓ. எனப்படும் கப்பல் கால்வாய் 76 மைல் நீளத்துக்கு வெட்டப்பட்டு, உப்பேறிச் சைப்ரஸ் காடுகளைக் கொன்றது. 650 அடி அகலத்துக்குத் திட்டமிட்ட கால்வாய் சில இடங்களில் 2,000 அடியைத் தாண்டி அரித்துப் பரந்தது. அதன் ஓரத்துக் கரைகளில் கால்வாயிலிருந்து குழாய்வழி இறைத்த மணலும் சிப்பித் தூளும் கலந்த பகுதிகள் கரைந்து போயின. நல்ல களிமண்ணால் ஆன பகுதிகள் பெருமளவு நின்றன. ஆக, மண்ணின் தரமும் வேண்டும், முன்னால் அலை உடைக்கும் சதுப்பும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. 2009இல் அந்தக் கால்வாயைப் பாறை அடுக்கி மூடினார்கள்.

வண்டல் மதகா, தூர்மண்ணா?

இழந்த சதுப்பை மீட்பதில் இப்போது நடக்கும் உண்மையான போட்டி இதுதான்.

தூர்வாரி எடுத்த மண்ணால் சதுப்பை நிரப்பும் தூர்மண் முறை எளிது. முதலில் நிரப்ப வேண்டிய திறந்த நீர்ப்பரப்பைச் சுற்றி, உள்ளிருந்தே மண் எடுத்துத் தற்காலிக வரப்பு போடுவார்கள். வெட்டி உறிஞ்சும் தூர்வாரிக் கப்பல் ஆற்றிலோ விரிகுடாவிலோ மண்ணைக் கரைத்து, குழாயில் சேற்றுக் குழம்பாகத் தள்ளும். குழம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். மண் படிந்த பின் மேல்நீரை வடிப்பார்கள். அமிழ்வுக்கு இடம்விட்டு இலக்கைவிடச் சற்று உயரமாக நிரப்புவார்கள். கடைசியில் வரப்பை ஆங்காங்கே உடைத்து ஓதம் (தினமும் ஏறி இறங்கும் கடல்நீர்) உள்ளே வர வழிவிட வேண்டும்.

தவறுகள் நேர்வது இந்த உயரத்தில்தான். அதிகம் நிரப்பினால் சதுப்புப் புல்லுக்குப் பதில் புதர் முளைக்கும். குறைவாக நிரப்பினால் சில வருடத்தில் மறுபடி தண்ணீர். அடியில் மக்கிய புல்மண் தடிமனாக இருந்தால் வரப்பே சரிந்து குழம்பு வெளியே ஓடும். வரப்பை உடைக்கும் கடைசி வேலையைப் பணம் தீர்ந்தது என்று விட்டுவிட்டால் மீனும் இறாலும் நுழைய முடியாத அடைபட்ட குட்டை மிஞ்சும். மண் எடுக்கும் இடமும் முக்கியம்: ஆற்று மணல்திட்டில் எடுத்த குழியை அடுத்தடுத்த வெள்ளங்கள் நிரப்பிவிடும், விரிகுடாவில் எடுத்த குழி அப்படியே கிடக்கும், சில இடங்களில் அலையை வலுப்படுத்தும். ஏக்கருக்குப் பல பத்தாயிரம் டாலர் செலவு. ஆனால் ஒரே பருவத்தில் நிலம் கண்ணுக்குத் தெரியும், மீனவர்களுக்கு உப்பளவு மாறாது.

வண்டல் மதகு ஆற்றங்கரையை வெட்டி, வெள்ளக் காலத்தில் நீரையும் வண்டலையும் சதுப்புக்குள் விடுவது. 2023 ஆகஸ்டில் பிளாக்மின்ஸ் பகுதியில் தொடங்கிய மிட்-பாராட்டாரியா மதகு இதில் மிகப் பெரியது. உச்சத்தில் விநாடிக்கு 75,000 கன அடி, 50 ஆண்டுகளில் சுமார் 21 சதுர மைல் நிலம், செலவு 3 பில்லியன் டாலர். பெரும்பணம் 2010 டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவு இழப்பீட்டிலிருந்து. ஆற்றில் விநாடிக்கு 4,50,000 கன அடிக்கு மேல் ஓடும்போதுதான் வண்டலுக்காகத் திறப்பது, மற்ற நாளில் 5,000 கன அடி வரை மட்டும் என்பது திட்டம். காரணம், மணல் கிளம்புவது ஆறு ஏறும் வேளையில்தான். மேல்நீரை மட்டும் எடுத்தால் நன்னீர் வரும், மணல் வராது. 1991இல் திறந்த கெர்னார்வன் மதகு உப்பைக் குறைப்பதற்காகக் கட்டியது. அதை வைத்து வண்டல் மதகுகளை எடைபோடுவது பொருந்தாது. சரியான சாட்சி வேக்ஸ் லேக்: 1940களின் தொடக்கத்தில் வேறு நோக்கத்துக்கு வெட்டிய வடிகால், 1973 வெள்ளத்துக்குப் பின் அதன் வாயில் புதுக் கழிமுகத் திட்டு தலைகாட்டி இன்றும் வளர்கிறது.

எதிர்ப்பவர்களின் பயமும் கற்பனையில்லை. நீரின் உப்பளவு ஆயிரத்தில் ஐந்து பங்குக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் சிப்பி, அதுவும் வெயில் காலத்தில், செத்துவிடும். 2019இல் பான்னே கேரே வெள்ள வடிகாலை இரண்டு முறை, மொத்தம் 123 நாள் திறந்தபோது மிசிசிப்பி மாநிலக் கரையோரச் சிப்பிப் படுகைகள் அழிந்தன, ஓங்கில்களும் (டால்பின்களும்) இறந்தன. மிட்-பாராட்டாரியாவால் பழுப்பு இறாலும் சிப்பியும் அடிவாங்கும், சுமார் 2,000 ஓங்கில்கள் கடுமையாகப் பாதிக்கப்படும் என்று அரசின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. கரைக்கு வெளியே இருக்கும் ஊர்களில் நீர்மட்டமும் ஏறும். கப்பல்காரர்களுக்கு வேறு கவலை: மதகு நீரை இழுத்ததும் ஆற்றின் வேகம் குறைந்து, கீழே கப்பல் பாதையில் மணல் தங்கும். 2003இல் வெட்டிய வெஸ்ட் பே திறப்பில் அந்தத் தகராறு வந்தது. அங்கே பல வருடம் நிலமே தெரியாமல், 2011 வெள்ளத்துக்குப் பிறகுதான் திட்டுகள் எழுந்தன.

2025 ஜூலையில், 500 மில்லியன் டாலருக்கு மேல் செலவான பிறகு, மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது. பதிலாக மிர்டில் குரோவ் அருகே சிறிய மதகும் தூர்மண் நிரப்பலும் என்று அறிவித்தார்கள்.

எங்கள் மதிப்பீட்டில் இது பிழையான முடிவு. தூர்மண்ணை விட்டுவிடச் சொல்லவில்லை. கரையை ஒட்டிய சதுப்புக்கு அதுதான் உடனடி மருந்து. ஆனால் நிரப்பிய நிலமும் அமிழும். இருபது, முப்பது ஆண்டில் மறுபடி குழாய் போட வேண்டும், எண்ணெய்க் கசிவுப் பணம் அப்போது இருக்காது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுபோல் ஆகிவிடும். வருடாவருடம் கூலியில்லாமல் வண்டல் கொண்டுவரும் வேலையாள் ஆறு ஒன்றுதான். மீனவர் இழப்புக்கு ஒதுக்கிய தொகை குறைவு என்றால் அதைப் பெருக்கியிருக்கலாம். திறக்கும் மாதங்களைக் குளிர்காலத்தின் பக்கம் நகர்த்தியிருக்கலாம்.

இடையில் மறக்கப்படும் மலிவான வழி ஒன்று உண்டு: கைவிட்ட எண்ணெய்க் கால்வாய்களின் ஓர மேடுகளை அதே கால்வாய்க்குள் தள்ளிவிடுவது. ஒரு மண்வாரி இயந்திரம் போதும். கால்வாய் முழுதும் நிரம்பாது, ஆனால் மேடு போனதும் ஓதம் பழையபடி பாயும், மேடு இருந்த இடத்தில் புல் திரும்பும். லூசியானா மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானி யூஜின் டர்னர் இதைப் பல பத்தாண்டுகளாக வலியுறுத்துகிறார். தடை பெரும்பாலும் நில உரிமையிலும், யார் செலவு செய்வது என்பதிலும் இருக்கிறது. 2013இல் வெள்ளப் பாதுகாப்பு ஆணையம் 97 எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் மீது போட்ட வழக்கு தள்ளுபடியானது. 2025இல் பிளாக்மின்ஸ் தொடுத்த வழக்கில் செவ்ரான் 744 மில்லியன் டாலர் தர வேண்டும் என்று ஜூரி சொன்னது.

ஓதம் புகும் கரை

ஹூமா நகரைச் சுற்றிய மொர்கன்சா கரை, சுமார் 98 மைல், சுவரையும் சதுப்பையும் சேர்த்தே காப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. கரைக்குள் சதுப்பும் அடங்கும், சாதாரண நாளில் மதகுகள் திறந்திருக்கும். கடல் ஏற ஏற, மூட வேண்டிய நாட்கள் கூடும். உள்ளே அடைபட்ட சதுப்பு வண்டலின்றி அமிழும். செலவு கட்டாது என்று ஐல் டி ஜான் சார்ல்ஸ் தீவை இந்தக் கரைக்கு வெளியே விட்டார்கள். அங்கிருந்த பழங்குடிக் குடும்பங்களுக்கு 2016இல் 48 மில்லியன் டாலர் மறுகுடியமர்வு நிதி வந்தது.

மிர்டில் குரோவ் மாற்றுத் திட்டத்தின் வரைபடம் வரும்போது பார்க்க வேண்டியவை மூன்று: மதகின் வாய் மணல்திட்டின் மேல் அமைகிறதா, வெறும் ஆற்றோட்டத்தில் அமைகிறதா; தூர்மண் எடுக்கும் குழி ஆற்றிலா, விரிகுடாவிலா; வரப்பை உடைக்கவும் இருபது ஆண்டில் மறுபடி மண் ஏற்றவும் ஒப்பந்தத்திலேயே பணம் இருக்கிறதா.