கெடாக்ஸெட்டிக் அமில எம்ஆர்ஐ: அரிய கல்லீரல் புற்றுகளைப் பிரிப்பதில் எங்கே கைகொடுக்கிறது, எங்கே ஏமாற்றுகிறது

நெடுநாள் பயன்பாட்டில் கெடாக்ஸெட்டிக் அமிலம் என்ற இந்த கான்ட்ராஸ்ட் மருந்தின் (எம்ஆர்ஐ படத்தில் திசுக்களைப் பிரித்துக் காட்ட நரம்பில் ஏற்றுவது) பெரிய பலம், ஏற்றிய பின் 20-ஆவது நிமிடத்தில் எடுக்கும் படம்தான். ஏற்றிய மருந்தில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரல் செல்கள் உறிஞ்சிப் பித்தநீரில் விடுகின்றன. அப்படி உறிஞ்சாத திசு கறுப்பாகத் தெரியும்.

இளவயது, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) இல்லாத கல்லீரல், நடுவில் தழும்புடன் பெரிய கட்டி என்றால் கேள்வி ஒன்றுதான்: ஃபைப்ரோலாமெல்லர் புற்றா, தீங்கற்ற எஃப்என்எச்சா (ஃபோக்கல் நாடுலர் ஹைப்பர்பிளேசியா)? எஃப்என்எச் 20-ஆவது நிமிடத்தில் சுற்றியுள்ள கல்லீரல் அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ வெளுத்து நிற்கும். ஃபைப்ரோலாமெல்லர் பெரும்பாலும் கறுக்கும். டி2 படத்தில் (நீர்ச்சத்து வெளுப்பாகத் தெரியும் எம்ஆர்ஐ வகை) எஃப்என்எச் தழும்பு வழக்கமாக வெளுப்பு, மற்றதில் கறுப்பு. அப்போதும் தெளியாவிட்டால் கான்ட்ராஸ்ட் இல்லாத சிடி எடுங்கள். தழும்பில் கால்சியம் படிந்திருந்தால் சந்தேகம் ஃபைப்ரோலாமெல்லர் பக்கம் சாயும். ஏஎஃப்பி (கல்லீரல் புற்றுக்குப் பார்க்கும் ரத்தக் குறியீடு) இயல்பாக இருப்பதை நம்பி விட்டுவிடவே கூடாது. இந்தப் புற்றில் அது பெரும்பாலும் உயர்வதில்லை.

ஏமாற்றுவது மருந்து ஏற்றிய 3-ஆவது நிமிடப் படம். கல்லீரலுக்குள் வரும் கோலாஞ்சியோகார்சினோமா (பித்தநாளப் புற்று) நார்த்திசு நிறைந்தது. சாதாரண கெடோலினியத்தில் (கல்லீரல் செல்கள் உறிஞ்சாத வழக்கமான எம்ஆர்ஐ மருந்து) மெல்ல மெல்ல வெளுக்கும். இந்த மருந்திலோ அதற்குள் சுற்றுக் கல்லீரல் வெளுத்துவிடுவதால் கட்டி கறுத்ததுபோல் தோன்றும். அதை வாஷ்அவுட் (முதலில் வெளுத்த கட்டி பிறகு கல்லீரலைவிடக் கறுப்பது; கல்லீரல் செல் புற்றின் அடையாளம்) என்று எழுதினால் நோயின் பெயரே மாறிப்போகும். வாஷ்அவுட்டை போர்ட்டல் கட்டத்தில் (மருந்து போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலை நிரப்பும் நேரம்) மட்டும் பாருங்கள். கட்டியின் விளிம்பு மட்டும் தமனிக் கட்டத்தில் (மருந்து தமனி வழியாக முதலில் வந்துசேரும் நேரம்) ஒளிர்வதும், கல்லீரல் உறை உள்ளிழுபடுவதும் இதைவிட நம்பகமானவை. உறை இழுப்பு எபிதெலாய்ட் ஹெமாஞ்சியோஎண்டோதெலியோமாவிலும் (ரத்தக்குழாய்ச் செல்களில் தோன்றும் அரிய புற்று) வரும். அங்கே ஓரமாகப் பல கட்டிகள் இருக்கும், சில ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும்.

மருந்தின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிலிட்டர்; 60 கிலோ எடைக்கு 6 மில்லிதான். இவ்வளவு குறைவாக இருப்பதால், நேரத்தை உத்தேசமாக வைத்தால் தமனிக் கட்டம் தவறும். போலஸ் டிராக்கிங் (மருந்து பெருந்தமனிக்கு வருவதைப் பார்த்துப் படம் தொடங்கும் முறை) வைத்து, விநாடிக்கு 1 மில்லி ஏற்றி, அதே வேகத்தில் சலைன் விடுவது நல்லது. சிலருக்குச் சரியாக அந்த நேரத்தில் மூச்சு தடுமாறிப் படம் கலங்கும். குறுகிய மூச்சடக்கலில் அடுத்தடுத்துத் தமனிப் படங்கள் எடுத்தால் ஒன்றாவது தேறும். ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள்காமாலையில் உயரும் பித்த நிறமி) டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் 20-ஆவது நிமிடப் படம் மங்கிவிடும்.

ஆஞ்சியோசார்கோமா (ரத்தக்குழாய்ப் புற்று) சந்தேகத்துக்கு சாதாரண கெடோலினியமே மேல். ஹெமாஞ்சியோமாவின் (தீங்கற்ற ரத்தக்குழாய்க் கட்டி) வெளுப்பு எல்லாக் கட்டத்திலும் ரத்தக்குழாயோடு ஒத்துப்போகும், சார்கோமாவில் ஒத்துப்போகாது. கெடாக்ஸெட்டிக் அமிலத்தில் ஹெமாஞ்சியோமாவும் கறுத்து, இந்த ஒப்பீடே குழம்பும். கல்லீரல் செல் புற்றும் கோலாஞ்சியோகார்சினோமாவும் கலந்த கட்டியைப் படத்தால் முடிவுசெய்ய முயல வேண்டாம். வேறுவேறாகத் தெரியும் பகுதிகள் ஒவ்வொன்றிலிருந்தும் பயாப்சி கேளுங்கள்.