திருவிழா மடல் இன்பாக்சில் விழ எந்த வழி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் இப்போது லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இல்லை, பால்மரம் இல்லை. செம்பனைக்கு நடுவே கோயில் மட்டும் நிற்கிறது. ஜனங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். கோயில் அகப்பக்கத்திலிருந்து 420 பேருக்குத் தீமிதி அறிவிப்பு அனுப்ப வேண்டும். விலையைவிட, மடல் கண்ணில் படுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் அகப்பக்கம் இருக்கும் சர்வரையே அனுப்ப விட்டோம். எந்த அமைப்பும் தேவையில்லை, காசும் இல்லை. ஆனால் ஒரே ஐபி முகவரியில் (இணையத்தில் சர்வரின் எண்) பல தளங்கள் குடியிருக்கும். யாரோ ஒருவர் குப்பை அனுப்பினாலும் நம் மடல்மீதும் சந்தேகம் விழும். போதாததற்கு, அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியைப் போட்டிருந்தோம். கூகுள் சர்வர் வழியாக வராமல் ஜிமெயில் பெயரில் வரும் மடல் போலியாகத்தான் தெரியும். பல மடல்கள் ஸ்பேமில் கிடந்தன. ஜொகூரில் இருக்கும் சித்தப்பா திருவிழா முடிந்த பிறகுதான் பார்த்தார். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அப்புறம் ஜிமெயிலின் எஸ்எம்டிபி, அதாவது நம் அகப்பக்கம் கூகுளின் சர்வர் வழியாகவே மடல் அனுப்பும் வழி. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அகப்பக்கத்துக்கென்று தனியாக 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்து, 587ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்) இணைத்தால் போதும். மடல் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஒரு நாளைக்கு 500 பேர் வரை அனுப்பலாம். சிறிய சங்கத்துக்கு இதுவே போதும். ஒரு சிக்கல்: கணக்கு பொருளாளருடையது. அவர் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துவிடும்.

மடல் அனுப்பித் தரும் சேவையான அமேசான் எஸ்இஎஸ் மலிவு. 1,000 மடலுக்கு 10 அமெரிக்க சென். ஆனால் அனுமதி கேட்டு வாங்கும்வரை, சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும், 24 மணி நேரத்துக்கு 200 மடல்தான். கோயில் நிர்வாகத்துக்கு இது அதிகப்படி வேலை.

பிரேவோவும் அப்படி ஒரு மடல் சேவைதான்; அதன் இலவசத் திட்டத்தில் நாளுக்கு 300 மடல். இதில் நம் சொந்த டொமைன் (அகப்பக்க முகவரி) பெயரிலேயே அனுப்பலாம். அதற்கு டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் பொதுப் பதிவேட்டில், சில வரிகள் சேர்க்க வேண்டும். டிகேஐஎம் என்பது மடலில் நம் டொமைன் போடும் கையொப்பம். நம் பெயரில் எந்தச் சர்வர் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்குக் குறைவாக மடல் அனுப்புபவர்களிடமும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது கூகுள். அந்த வரிகளைச் சேர்க்க எனக்கு ஒரு மாலை ஆனது. யார் பொருளாளராக வந்தாலும் அது அப்படியே இருக்கும். அதனால் என் ஓட்டு பிரேவோவுக்குத்தான்.

420 பேரை இரண்டு நாளாகப் பிரித்துவிட்டோம். ஜொகூர், சிங்கப்பூர்க்காரர்களுக்கு முதல் நாள். அவர்கள்தான் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.