ஜிம்னியா, தாரா, பொலேரோவா? ராமநாதபுரத்துக்காரர் மலையேற எதை எடுக்கலாம்

வண்டி வாங்கும்போது எல்லாரும் மலையைத்தான் யோசிக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் முதலில் கடற்கரையை யோசிக்க வேண்டும் என்பேன். சதுரகிரிக்குத் தாணிப்பாறை அடிவாரம் வரை நல்ல ரோடு. கொடைக்கானலுக்கும் சிறுமலைக்கும் அப்படித்தான், எந்தக் காரும் ஏறிவிடும். கொழுக்குமலைக்கோ சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப் பிடிப்பதுதான் வழக்கம். ஆக, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவுக்கு வேலை இருப்பது மலையில் அல்ல, வீட்டுப் பக்கத்து மணலில்.

மணலில் மாருதியின் ஜிம்னிதான் முன்னால் நிற்கிறது. எடை சுமார் 1,200 கிலோ. மகிந்திரா தார் அதைவிட ஏறக்குறைய அரை டன் கனம். தாருக்குத் தரை இடைவெளி 226 மி.மீ., ஜிம்னிக்கு 210. ஆனால் புதைமணலில் அந்த 16 மி.மீ.யைவிட எடைதான் பேசும். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிட்டு, ஒரே சீராக மெதுவாக ஓட்ட வேண்டும். சக்கரம் சுழன்றால் உடனே காலை எடுத்துவிடுங்கள். மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். ரோடு ஏறியதும் காற்றை நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர் கட்டாயம். தாரின் பலம் டீசல் இழுவையும் ஆழத் தண்ணீரைத் தாண்டும் தைரியமும். நம் பக்கம் இரண்டுக்கும் அவ்வளவாக வேலையில்லை. வாங்குவதானால் ஃபோர் வீல் டிரைவா என்று பார்த்து வாங்குங்கள், பின்சக்கர இழுவை மட்டும் உள்ள தாரும் விற்பனையில் இருக்கிறது.

ஆனால் எங்கே மணலில் இறங்குவது என்பதும் முக்கியம். ஆண்டின் முதல் மாதங்களில் தனுஷ்கோடிக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அங்கே அரிச்சல்முனை வரை 2017 முதல் ரோடு இருக்கிறது; அதை விட்டு இறங்காதீர்கள். முட்டைக் குழியின் மேல் டயர் ஏறினால் ஒரு தலைமுறையே போய்விடும்.

சரி, நாலு பேர், கயிறு, கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன் என்றால்? நாலு பேர் உட்கார்ந்த பிறகு ஜிம்னியில் மிஞ்சுவது 208 லிட்டர் இடம். கயிற்றுப் பையும் இரண்டு முதுகுப்பையும் வைத்தால் முடிந்தது. தாரில் அதுகூட இல்லை. பொலேரோவில் பின்பக்க இருக்கைகளை மடக்கினால் எல்லாம் உள்ளே போகும். ஃபோர் வீல் டிரைவ் கிடையாது, அதனால் மணலில் இறக்க வேண்டாம். சாயல்குடிப் பக்கத்துப் பட்டறையிலும் பொலேரோ வேலை தெரிந்த ஆள் கிடைப்பார். கூட்டமாகப் போகிறவர்களுக்கு என் ஓட்டு பொலேரோவுக்கே. இரண்டு பேர் மட்டும் என்றால் ஜிம்னி.

கருவேல முள்ளுக்கு மூன்றும் ஒன்றுதான். டயரின் பக்கவாட்டில் ஏறிவிட்டால் பஞ்சர் ஒட்டுவது வீண், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள்.

கடைசியாக உப்பு. பழைய பொலேரோ பார்க்கப் போனால் பெயின்ட்டை நம்பாதீர்கள். கீழே படுத்து, டார்ச் அடித்து, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைப் பாருங்கள். அதன் பட்டைகளுக்கு நடுவே உப்பு மணல் தங்கி, துரு செதில் செதிலாக உரியும். சேஸிஸில் ஸ்குரூடிரைவரால் தட்டினால் மொத்தைச் சத்தம் வந்தாலோ பொடி உதிர்ந்தாலோ பேரமே பேச வேண்டாம். புது வண்டியானால் அடிப்பாகப் பூச்சு போட்டு, கரைக்குப் போய் வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரை அடியில் பீய்ச்சிக் கழுவுங்கள்.